உறுதி வங்கியில் கிடக்கிறது

எங்கள் வீட்டுக் காணிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதைப் பத்திரிகை பார்த்துத்தான் நாங்கள் அறிந்துகொண்டோம். 2024 தொடக்கத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு மாமா கிளிநொச்சியிலிருந்து கோல் எடுத்தார். "பேப்பர் பாத்தனியளோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்கு ஓடினான். மரண அறிவித்தல்களுக்கு அடுத்த பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு வங்கியின் பணிப்பாளர் சபைத் தீர்மானம். அதற்குள் அப்பாவின் முழுப்பெயர், அம்மாவின் முழுப்பெயர், பிறகு "புளியடி வளவு என்னும் காணி". வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை, வீடு, வான்பயிர், செய்பயிர், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் பாத்தியம் எல்லாம் ஒன்றும் விடாமல் எழுதியிருந்தது. புளியமரம் எங்கள் காலத்தில் இல்லை. அம்மாவிடம் கேட்டால் அவவும் கண்டதில்லையாம். இல்லாத புளியின் பெயரில் இருந்த காணியை ஊர் முழுக்க வாசித்துக்கொண்டிருந்தது.

"நாங்கள்" என்று இதில் வருவது மூன்று பேர். அக்கா கொழும்பில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நடுவில் உள்ளவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில். தம்பி ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக இருந்தவன், இப்போது ஒரு கடையில் நிற்கிறான். மூன்று பேரும் வட்ஸ்அப் குழுவில் மாறி மாறி எழுதி, பிறகு ஒன்றாக்கிய கட்டுரை இது. எந்த வரி யாருடையது என்று எங்களுக்கே இப்போது பிரிக்க முடியாது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினோம். "பேரைப் போடாட்டிக் காரியமில்லை" என்றார். அதனால் வங்கியின் பெயரும் இல்லை.

அப்பா சீமெந்துக் கல் அரிகிறவர். போர் முடிந்த பிறகு வடக்கில் வீட்டுத்திட்டங்கள் வரத் தொடங்கிய காலத்தில் நாலு அச்சோடு தொடங்கினார். இந்திய வீட்டுத்திட்டம் ஓடிய ஆண்டுகளில் கல்லுக்கு நாள் குறித்துக் காத்திருந்தார்கள். 2018 இல் கல் அரியும் மெசினும், ஒரு பட்டா லொறியும், பிரதான வீதியோடு யாட் போட ஒரு துண்டுக் காணியும் வாங்க 65 இலட்சம் கடன் எடுத்தார். பத்து வருடத் தவணை, மாதம் ஒரு இலட்சத்துச் சொச்சம். அந்த நாளில் அது கட்டக்கூடிய காசுதான். இப்போது கதை கேட்கிறவர்கள் "ஏன் அவ்வளவு எடுத்தனியள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை 2018 இல் ஒருவரும் கேட்கவில்லை. மனேச்சர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

ஈடாக வைத்தது அம்மாவின் சீதன வீடு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேசவழமையின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆகவே அப்பாவின் தொழிலுக்காக அம்மாவின் காணியை ஈடு வைக்க, அப்பா அம்மாவுக்குச் சம்மதம் கொடுத்தார். அம்மாவிடம் சம்மதம் கேட்க சட்டத்தில் தனி இடம் ஒன்றும் இல்லை. "இதில சைன் வையுங்கோ அம்மா, இதிலயும்" என்பதுதான் அவவுக்கு இருந்த இடம். அவவையும் கடனாளியாகவே சேர்த்திருந்தார்கள் என்பது ஆறு வருடம் கழித்து, அந்தப் பத்திரிகை அறிவித்தலில்தான் எங்களுக்கு உறைத்தது.

கடன் பழுதானது ஒரே நாளில் இல்லை. 2018, 2019 இல் அரசாங்கம் கிராமம் கிராமமாக ஒரு வீட்டுத்திட்டம் கொடுத்தது. அத்திவாரம் போட்டால் ஒரு தொகை, சுவர் எழும்பினால் ஒரு தொகை என்று தவணை தவணையாகக் காசு வரும். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. காசு நின்றது. வடக்கில் எத்தனையோ இடங்களில் யன்னல் மட்டத்தோடு நின்ற அந்தச் சுவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். இன்றைக்கும் சில நிற்கின்றன, உள்ளே வாழை நட்டிருக்கிறார்கள். அந்தச் சுவர்களில் கொஞ்சம் அப்பாவின் கல். கடனுக்குக் கொடுத்த கல். "அதுகளிட்டப் போய் என்னெண்டு கேக்கிறது? கொட்டிலுக்கை இருக்குதுகள்" என்று அவர் கேட்கப் போகவே இல்லை. எங்களுக்கு அதில் அவரோடு சண்டை வந்ததும் உண்டு. அம்மா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கொரோனா. மொறட்டோரியம் என்றொரு சொல் வீட்டுக்குள் வந்தது. ஆறுதலான சொல்லாகத்தான் முதலில் இருந்தது. தவணை கட்ட வேண்டாம் என்றால் கடன் நின்ற இடத்தில் நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது நிற்கவில்லை. இருபது மாதம் ஒழுங்காகக் கட்டி ஐந்து இலட்சத்துக்கு மேல் குறைத்து வைத்திருந்த முதல், ஒத்திவைப்புகள் முடிந்து கணக்குப் பார்க்கும்போது 64 இலட்சமாகத் திரும்பி வந்து நின்றது.

அதற்குப் பிறகு 2022. அந்த ஆண்டை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மண்ணெண்ணெய் வரிசையும் பால்மா வரிசையும் எல்லார் வீட்டிலும் இருந்தது. எங்கள் வீட்டில் கூடுதலாக இருந்தது ஒரு திகதி: ஏப்ரல் 8. அன்று மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம் 7.50 இலிருந்து 14.50 ஆனது. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. இரண்டாவது செய்திக்குத்தான் உலகம் முழுக்கத் தலைப்புப் போட்டது. எங்களை அடித்தது முதலாவது.

எங்கள் கடன் ஒப்பந்தத்தில் வட்டிக்கு ஒரு எண் இல்லை, ஒரு சூத்திரம் இருந்தது. சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம், அதற்கு மேல் இத்தனை சதவீதம். இந்த நீளப் பெயரை அக்கா அப்பாவுக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தா. பெரிய நம்பிக்கையான வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் கொடுக்கும் வட்டி கூடினால் எங்களுக்கும் கூடும், அவ்வளவுதான். அது கூடியது. அந்த ஆண்டு முடிவில் எங்கள் வட்டி 29 சதவீதத்தில் நின்றது. 64 இலட்சத்துக்கு 29 வீதம் என்றால் வருடம் 18 இலட்சத்து 56 ஆயிரம். மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல், வட்டி மட்டும். முதலில் ஒரு சதமும் குறையாது. அதே காலத்தில் சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டது, ஒருவரும் வீடு கட்டவில்லை. செப்டெம்பரில் அப்பா தவணை கட்டுவதை நிறுத்தினார். அதே மாதம் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம்.

வட்டியை ஏன் கூட்டினார்கள் என்பது எங்களுக்கு விளங்காமல் இல்லை. பணவீக்கம் எழுபதைத் தொடும் நாட்டில் வட்டி பத்தில் நின்றால் காசு கடதாசியாகிவிடும். நடுவில் உள்ளவள் பொருளியல் படிக்கிறாள், இதைப் பற்றி வீட்டில் வகுப்பே எடுத்தாள். அப்பாவும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "அப்ப விலை கூடினதுக்கும் நான் கட்டவேணும், விலையைக் குறைக்கிறதுக்கும் நான் கட்டவேணுமோ?" அவளிடம் பாடப்புத்தகத்தில் இருந்து எடுத்துச் சொல்லப் பதில் இருந்தது. சொல்லவில்லை.

இனி அரசாங்கத்தின் பக்கம். 2023 யூன் கடைசியில் வங்கிகள் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் மூடியிருந்தன. வியாழன் ஹஜ் பெருநாள், வெள்ளி விசேட வங்கி விடுமுறை, சனி, ஞாயிறு, திங்கள் போயா. அந்த இடைவெளிக்குள் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். மறுசீரமைப்பு என்று சொல்லக் கூச்சப்பட்டு "உகப்பாக்கம்" என்று பெயர் வேறு வைத்திருந்தார்கள். யூலை 1, சனிக்கிழமை, 122 வாக்கு ஆதரவு, 62 எதிர்ப்பு. நாங்கள் அன்று முழுக்க ஃபோனில் விவாதம் பார்த்துக்கொண்டிருந்தோம். வங்கிக்குக் கடன்பட்டவன் வீட்டில் வங்கியைப் பற்றிய பேச்சுக்கு ஒரு தனிக் கவனம் வந்துவிடும்.

அரசாங்கம் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வங்கிகள் வைத்திருக்கும் அரச முறிகளில் கை வைக்க மாட்டோம். அவர்கள் ஏற்கெனவே ஐம்பது வீதத்துக்கு மேல் வரி கட்டுகிறார்கள். அறவிட முடியாத கடன்களாலும் அடிபட்டிருக்கிறார்கள். இன்னும் சுமத்தினால் வங்கி விழும், வங்கி விழுந்தால் மக்களின் வைப்பு போய்விடும். ஆகவே சுமையை ஓய்வூதிய நிதியங்கள், முதன்மையாக ஊழியர் சேமலாப நிதியம், தாங்கும். உறுப்பினர்களுக்கு 9 வீத வருமானத்தை உறுதிப்படுத்துவோம்.

அந்த "அறவிட முடியாத கடன்" என்ற சொல் வந்தபோது அப்பா எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் வங்கிகள் கொடுத்த கடன்களில் நூற்றுக்குச் சுமார் 13 அப்படிப் பழுதாகிக் கிடந்தது. அந்தப் பதின்மூன்றுக்குள் நாங்களும் ஒரு துளி. அரசாங்கம் வங்கிகளைப் பாதுகாக்கச் சொன்ன காரணங்களில் ஒன்றாக நாங்கள் அங்கே இருந்தோம், அந்த ஒரு வழியில்தான் பாராளுமன்றத்தில் எங்களைப் பற்றிப் பேச்சு வந்தது.

அக்காவுக்கு அன்று வேறு கோபம். அவவின் சம்பளத்தில் மாதா மாதம் 8 வீதம் சேமலாப நிதிக்குப் போகிறது, நிறுவனம் 12 வீதம் போடுகிறது. அந்த நிதியம் தன் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு நீண்ட காலப் புதிய முறிகளை வாங்கவேண்டும்; முதலில் 12 வீதம், பிறகு 9 வீதம் வட்டி. விருப்பம் இல்லாவிட்டால் விடலாம் என்றார்கள். ஆனால் விட்டால், முறி வருமானத்துக்கு இதுவரை கட்டிய 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீதம். "இதை விருப்பம் எண்டு சொல்லுறதோ?" என்று அவ அன்றிரவு குழுவில் எழுதின செய்தி இன்னும் கிடக்கிறது. கோடி கோடியாக உள்ளவர்கள் வைத்திருந்த முறிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆடைத் தொழிற்சாலையில் நின்ற பிள்ளைகளின் சேமிப்புக்கு நடந்தது.

ஆனால் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே மற்றப் பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். பெரியம்மா கைம்பெண். மகன் கனடாவில். அவன் அனுப்பிய காசைச் சேர்த்து நிலையான வைப்பில் போட்டு வைத்திருக்கிறா. 2022 இல் வைப்பு வட்டி இருபதைத் தாண்டினபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக மாத வட்டியில் மருந்தும் சாப்பாடும் முடிந்து மிச்சமும் வந்தது அவவுக்கு. அந்த ஐந்து நாள் விடுமுறையில் அவ நித்திரை கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு வங்கி திறக்க முதல் வாசலில் நின்றா. புத்தகத்தில் காசு அப்படியே இருந்தது. "கும்பிட்ட தெய்வம் கைவிடேல்லை" என்று தம்பிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தா. ஆகவே வைப்பாளரைக் காப்பாற்றினோம் என்று அரசாங்கம் சொன்னால் அது பொய் என்று எங்களால் சொல்ல முடியாது. காப்பாற்றப்பட்ட ஒருவர் எங்கள் ஒழுங்கையில், மூன்றாவது வீட்டில் இருக்கிறா. அப்பாவிடம் கேட்ட வட்டியும் பெரியம்மாவுக்குக் கொடுத்த வட்டியும் ஒரே நாட்டு வட்டிதான். இருவரும் பொங்கலுக்கு ஒரே பானையில் சாப்பிட்டவர்கள். அதற்குப் பிறகு ஒருநாள் பெரியம்மா முடிச்சில் ஐம்பதாயிரம் கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தா. அம்மா வாங்கவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

எங்கள் முறைப்பாடு வேறு. நாடு தன் கடனைக் கட்ட முடியாமல் போனபோது நிறுத்தினேன் என்று அறிவித்தது. யாரும் அடுத்த மாதம் ஏலத்துக்கு வரவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு 48 மாத ஏற்பாடு. கடன் கொடுத்தவர்களோடு மேசையில் இருந்து பேச்சு. முறி வைத்திருந்த வெளிநாட்டாரோடு முடிவு வர 2024 டிசெம்பர் ஆயிற்று. இடையில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 2024 வரவுசெலவுத் திட்டத்தில் 450 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். மத்திய வங்கி தன் ஊழியர்களுக்கு எழுபது வீதம் வரை சம்பளம் கூட்டியதும் அந்தக் காலத்தில்தான், ஊரெல்லாம் சிரித்த கதை. இதெல்லாம் நடக்க அவகாசம் இருந்தது. வீட்டை ஈடு வைத்தவனுக்கு மட்டும் பதிவுத் தபால், பதினாலு நாள்.

அந்தப் பதினாலு நாளுக்குப் பின்னால் இருப்பது 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம். ஊரில் பராட்டே சட்டம் என்பார்கள். சில பத்திரிகைகள் "பரேட் சட்டம்" என்று எழுத, அப்பா முதலில் அது ஆமிக்காரருடைய ஏதோ என்று நினைத்தார். டச்சுக்காரரின் சட்டத்திலிருந்து வந்த சொல், "தயாராக இருக்கும் நிறைவேற்றம்" என்று பொருள். கடன் பழுதானால், நீதிமன்றம் போகாமலே, வங்கியின் பணிப்பாளர் சபை கூடித் தீர்மானம் எடுத்து, வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் போட்டு, ஈடு வைத்த சொத்தை ஏலம் விடலாம். வாங்க ஒருவரும் வராவிட்டால் வங்கியே வாங்கலாம். 2011 இல் ஒரு திருத்தம் வந்தது: முதல் 50 இலட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு இதைப் பாவிக்க முடியாது. எங்களுடையது 64. பதினைந்து இலட்சத்துக்கு மேல் குறைவாக எடுத்திருந்தால் நீதிபதி ஒருவரின் முகத்தையாவது கண்டிருப்போம். தம்பி இதைக் கண்டுபிடித்த நாளில் அந்தத் திருத்தத்தை அச்செடுத்து சுவரில் ஒட்டினான். அம்மா கழற்றிவிட்டா.

இந்தச் சட்டத்துக்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். எங்கள் நீதிமன்றங்களில் காணி வழக்குகள் தலைமுறை கணக்கில் இழுபடும். அப்படி இழுபட்டால் வங்கி கடன் கொடுக்கவே பயப்படும், கடைசியில் சிறு தொழில் செய்கிறவனுக்குத்தான் நட்டம் என்கிறார்கள். சரி. ஆனால் வழக்கு நீளுது என்று நீதிமன்றத்தைத் திருத்தாமல், நீதிமன்றத்தையே கடந்து போக ஒரு பகுதிக்கு மட்டும் பாதை வெட்டிக் கொடுத்ததைப் பற்றி என்ன சொல்வது?

நடுவில் உள்ளவள் பல்கலைக்கழகத்தில் அயர்லாந்தைப் பற்றி ஒரு ஒப்படை செய்தாள். அங்கே 2008 செப்டெம்பர் 29 இரவு, விடியமுதல், அரசாங்கம் ஆறு வங்கிகளின் கடனுக்கெல்லாம் பிணை நின்றது. எங்கள் ஊரில் பிணை நிற்கிறதுக்கு முதல் மனிசியிடம் கேட்பார்கள். அவர்கள் நாட்டிடம் கேட்கவில்லை. வங்கிகளை மீட்க 64 பில்லியன் யூரோ போனது. வீட்டுக்கடன் கட்ட முடியாத குடும்பங்கள் பெருகின. அங்கும் அமைச்சர்கள் வருடக் கணக்காக அதே வாதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: வங்கி விழுந்தால் எல்லாம் விழும். ஆனால் 2012 இல், பிந்தியாவது, தனியாள் கடன் முறிவுக்கு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். முறிவடைந்தவர் விடுபட 12 வருடம் என்றிருந்தது 3 ஆகி, பிறகு ஒரு வருடமும் ஆயிற்று. அது போதாது என்று அங்கே சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் கடன் முறிவுக்கு இருப்பது 1853 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். பிரித்தானிய மகாராணி காலத்தது. இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியபோது அப்பா கேட்டார், அயர்லாந்தில் கல் என்ன விலை என்று.

2024 இல் பராட்டே அதிகாரத்தை அந்த ஆண்டு டிசெம்பர் 15 வரை இடைநிறுத்திச் சட்டம் நிறைவேறியது. எங்களுக்கு ஏலத் திகதி குறிக்க முதல் அது வந்தது. தேர்தல் ஆண்டு என்பதால் வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்; இருக்கட்டும், வீடு தப்பியது. பெரிய பெரிய கடனாளிகளும் அதே குடைக்குள் ஒதுங்கினார்கள் என்பதும் உண்மை. விடுதிக்கும் தொழிற்சாலைக்கும் எடுத்துவிட்டு வேண்டுமென்றே கட்டாதவர்களையும் எங்களையும் அந்தச் சட்டம் ஒரே கண்ணால் பார்த்தது, முன்பு ஏலம் விடும்போது பார்த்தது போலவே.

செப்டெம்பரில் ஆட்சி மாறியது. சேமலாப நிதியத்தில் கை வைத்ததை எதிர்த்து 2023 இல் வாக்களித்தவர்கள் இப்போது அரசாங்கம். நாணய நிதியத்தின் ஏற்பாடு தொடர்ந்தது. பராட்டே இடைநிறுத்தத்தை 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள், அதற்கு மேல் நீட்டவில்லை. வைப்பாளரின் காசு, வங்கிகளின் உறுதிப்பாடு என்று பழைய வாதம் புதிய வாய்களில் வந்தது. நாங்கள் மூன்று பேரும் யாருக்கு வாக்குப் போட்டோம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் ஏப்ரல் முதலாம் திகதி காலையில் குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

நியாயமாகச் சொன்னால், இந்தமுறை வங்கி பேச வந்தது. சிறு, நடுத்தரத் தொழில்காரருக்கு அவகாசம் கொடுத்து மீள அட்டவணைப்படுத்தும்படி மத்திய வங்கி அறிவுறுத்தியிருந்தது. புதிதாக வந்த கடன் பிரிவு மிஸ் பொறுமையானவ. கணக்கு ஒரு கோடிக்கு மேல் போயிருந்தது. தண்ட வட்டியையும் மற்ற வட்டியில் கொஞ்சத்தையும் கழித்து 98 இலட்சத்துக்குக் கொண்டு வந்தா. வங்கியின் அனுமதியோடு யாட் காணியையும் மெசினையும் பட்டாவையும் விற்றோம். 38 இலட்சம். பட்டாவை ஏற்றிக்கொண்டு போன அன்று அப்பா குளித்து, வேட்டி கட்டி, கோயிலுக்குப் போய்விட்டார். இப்போது அவர் முந்தி தன்னிடம் வேலை செய்த ஒருவரின் யாட்டில் நாட்கூலிக்கு நிற்கிறார். அந்த அண்ணா அப்பாவை இன்னும் "முதலாளி" என்றுதான் கூப்பிடுகிறார், அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

மிச்சம் 60 இலட்சம். 12 வீதம், பதினைந்து வருடம், மாதம் 72,000. காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் அப்பாவுக்கு 61 வயது. பதினைந்து வருடக் கடனுக்கு அவரின் வயது காணாதாம். "பிள்ளையளில ஒராள் கூட்டுக் கடனாளியாச் சேரவேணும் ஐயா, மாதச் சம்பளம் உள்ள ஒராள்" என்று மிஸ் சொன்னா. மாதச் சம்பளம் உள்ளது அக்காவுக்குத்தான். சம்பளச் சீட்டும் சேமலாப நிதிக் கூற்றும் கொண்டு வரட்டாம்.

அம்மா முதல் தடவையாக வாய் திறந்தது அன்றைக்குத்தான். வங்கியில் இல்லை, வீட்டுக்கு வந்து, கிணற்றடியில். "என்ரை வீடு போனாப் போகட்டும். என்ரை பிள்ளை சைன் வைக்கப்படாது." அப்பா படலையடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. அக்காவுக்கு அடுத்த வருடம் கலியாணம் பேச்சில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தக் கடன் விசயம் அரையும் குறையுமாகத்தான் தெரியும். நடுவில் உள்ளவள் தான் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றாள். தம்பி கட்டாருக்குப் போக ஏஜென்சியில் விசாரித்து வைத்திருப்பதை அப்போதுதான் சொன்னான். அதற்கும் ஆறு இலட்சம் கடன்தான் வேண்டும். எல்லாரும் சிரித்துவிட்டோம். அம்மா சிரிக்கவில்லை.

அக்கா குழுவில் இரண்டு நாள் மௌனமாக இருந்தா. நேற்று ஒரு படம் அனுப்பினா: சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கூற்று, இரண்டும் ஒரு பிளாஸ்டிக் கோவைக்குள். கீழே, "அம்மாட்டச் சொல்லாதேங்கோ". இன்றிரவு ஒன்பதரைக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏறுகிறா. வங்கி ஒன்பது மணிக்குத் திறக்கும். விடிய ஐந்தரைக்குச் சந்தியில் போய் நிற்க, தம்பி சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறான். அம்மா, "இந்த நேரத்தில உங்கை எங்கை போகப் போறாய்?" என்று விறாந்தையிலிருந்து இரண்டாம் தடவையும் கேட்கிறா.